மாநிறம்

கட்டம் போட்ட துணி கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த அந்த அறுபதுகளில், கொருக்குப்பேட்டையில் தகரக் கொட்டகையும் ஒன்பது சிமெண்டுத் தொட்டிகளுமாகக் கிடந்த ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில், பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் காலை பத்தரை மணிக்கு, எல்லம்மா என்கிற துவைப்புக்காரி நான்காம் தொட்டியிலிருந்து காலை வெளியே எடுத்து வைத்தபோது, முழங்காலுக்குக் கீழே இருந்த அவள் நிறம் அவளோடு வரவில்லை. அது தண்ணீரிலேயே தங்கிவிட்டது. எல்லம்மா குனிந்து, கோதுமை மாவு பூசியது போலிருந்த தன் இரண்டு கால்களையும் பார்த்தாள், தொட்டிக்குள் சிவப்போடும் நீலத்தோடும் கலந்து சுழன்றுகொண்டிருந்த பழுப்பைப் பார்த்தாள், புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு வெற்றிலை போடப் போனாள். பகலுக்குள் மிதித்து முடிக்க வேண்டிய துணி இன்னும் மலையாகக் கிடந்தது, ஆச்சரியப்பட நேரமில்லை.

எல்லம்மாவின் கால்களை அப்படியே விட்டுவிட்டு முதலில் அந்தத் துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கோளாறு அங்கேதான் ஆரம்பம். நம் ஊரில் ஒரு சேலை முதல் தண்ணீரிலேயே சாயம் விட்டால், வாங்கியவள் அதைச் சுருட்டிக்கொண்டு போய்க் கடைக்காரன் முகத்தில் எறிவாள், தெருவே கூடி அவளுக்காக நியாயம் கேட்கும். கடலுக்கு அந்தப் பக்கமோ அந்த வருஷங்களில் நாகரிகம் தலைகீழாகப் புரண்டு கிடந்தது. துவைக்கத் துவைக்கச் சிவப்பு நீலத்துக்குள் இறங்கி, நீலம் மஞ்சளைத் தின்று, ஒரே சட்டை மாதத்துக்கு ஒரு சட்டையாக மாற வேண்டும் என்று அங்கே இளவட்டங்களுக்கு ஆசை வந்திருந்தது. அதனால் சாயம் போகாத துணிதான் கம்பெனியில் கழிவு. தறிக்காரர்களிடமிருந்து மூட்டையாக வந்த துணியைப் பெண்கள் தொட்டியில் போட்டு மிதிப்பார்கள், வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள், ஒட்டினால் தையல் கொட்டகைக்குப் போகும், ஒட்டாவிட்டால் மேஸ்திரி ஓரமாக எறிவான். தைத்து முடித்த ஒவ்வொரு சட்டையின் கழுத்திலும் ஒரு சின்ன லேபிளை வைத்துத் தைப்பது செங்கேணியின் வேலை.

அந்த லேபிளில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று கொட்டகையில் யாருக்கும் தெரியாது. மாதிரித் துணி வெட்டுகிற டொரத்தி அம்மா, பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, ஒருநாள் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள்: இந்தத் துணி சாயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம். அன்றைக்குக் கொட்டகை சிரித்த சிரிப்பில் தையல் மிஷின் எல்லாம் நின்றுபோயின. கெட்டுப்போகும் என்று சீட்டு எழுதிக் கழுத்தில் கட்டி விற்கிறவனும் இருக்கிறான், வாங்கிக் கும்பிடுகிறவனும் இருக்கிறான் என்று செங்கேணியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி குனிந்து தைத்தாள்.

செங்கேணிக்கு முப்பத்திரண்டு வயது. புருஷன் கல்கத்தா போகிறேன் என்று சொல்லிப் போனவன், கல்கத்தாவிலேயே கரைந்துபோனான். அதைப் பற்றி அவள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு கவலை, அதன் பெயர் குப்பு. அப்பனும் ஆத்தாளும் ஒரே வாரத்தில் காலராவில் போனபோது குப்புவுக்கு ஆறு வயது, அன்றிலிருந்து தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் செங்கேணி. இப்போது குப்புவுக்கு இருபது. நெடுநெடு என்று வளர்ந்து, கன்னத்தில் ஒரு மச்சத்தோடு, சிரித்தால் தோள் இரண்டும் குலுங்க, வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொள்ளும்படியாக இருந்தாள், நல்ல கருப்பு. நான்கு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நான்கு தடவையும் பெண் என்ன நிறம் என்று முன்கூட்டியே கேட்டனுப்பினார்கள், நான்கு தடவையும் செங்கேணி கூசாமல் மாநிறம் என்று சொல்லியனுப்பினாள், ஏனென்றால் பெண்ணை வைத்திருக்கிற வீட்டில் கருப்புக்கு அதுதான் பெயர். வந்து பார்த்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்த அம்மாள் பெண் கொஞ்சம் கலர் கம்மி என்று இழுத்தபோது குப்பு உள்ளேயிருந்து, "எங்க கம்மி? உங்க வூட்டுச் செவுரு மொத்தமும் பூசற அளவுக்குக் கீது" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வருஷமாக யாரும் வரவில்லை. செங்கேணிக்குத் தங்கை மேல் கோபம் கோபமாக வந்தது, எல்லோரும் தூங்கிய பிறகு அழுகையும் வந்தது.

எல்லம்மாவின் கால் நிறம் இறங்கிய துணி, கட்டத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு பழுப்பை வாங்கிக்கொண்டு கொடியில் காய்ந்தது. மேஸ்திரி அதைக் கழிவில் போடப் போனான். டொரத்தி அம்மா தடுத்து வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதில் ஒரு சட்டை வெட்டிச் சாம்பிளோடு சேர்த்து அனுப்பினாள். கப்பலில் போன சட்டைக்குப் பதில் விமானத்திலேயே வந்தது. அமெரிக்காவில் பெரிய பெரிய கடைகளுக்கு இந்த வருஷம் என்ன நிறம், என்ன வெட்டு என்று தீர்மானித்துச் சொல்லுகிற ஒரு துரைசானி, மூங்கில் குச்சி போல ஒல்லியாக, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு மத்தியான வேளையில் கம்பெனி வாசலில் வந்து இறங்கினாள். அதற்குள் எல்லம்மா இடுப்பு வரைக்கும் வெளுத்திருந்தாள், இன்னும் ஆறு பேருக்குக் கால் வெளுத்திருந்தது. துரைசானி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. தொட்டி ஓரமாக மண்டியிட்டுத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

குப்பு அன்றைக்கு அக்காவுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். துரைசானியை வேடிக்கை பார்க்கும் கும்பலோடு தொட்டிக்கு அந்தப் பக்கம் தூக்கும் கையுமாக நின்றாள். துரைசானி தண்ணீரை நோக்கி விரலை நீட்டி என்னவோ கேட்க, இந்த நிறத்துக்கு உங்கள் பாஷையில் என்ன பெயர் என்று கேட்கிறாள் என்று டொரத்தி அம்மா சொன்னாள். விரல் நீண்ட திசையில் தண்ணீருக்குப் பின்னால் குப்பு நின்றாள். கும்பலில் நின்ற செங்கேணி அந்தக் கேள்வியை வாழ்நாளில் அதற்கு முன்பே நான்கு தடவை கேட்டவள். அவள் நாக்கு அவளைக் கேட்காமலே பதில் சொன்னது.

"மாநிறம்."

டொரத்தி அம்மாவுக்குத் தமிழ் தெரியும், அது மனுஷத் தோலுக்கு மட்டும் உள்ள வார்த்தை, துணிக்கு யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். துரைசானி அதை மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள், மானிரம், மானிரம், மானிரம் என்று, அவள் வாயில் அது ஏதோ தின்பண்டத்தின் பெயர் போலிருந்தது. அடுத்த வருஷத்து நிறத்துக்கு அதையே பெயராக வைத்தார்கள். போகிறபோது துரைசானி முதல் தடவையாக ஒரு முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள், அது குப்புவின் முகம். இவள் தொட்டியில் இறங்கினால் நிறம் இன்னும் ஆழமாக வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டது. பஞ்சம் என்றால் பயப்படலாம், பேதி என்றால் பயப்படலாம், பெண்கள் சிவப்பாகிறார்கள் என்றால் எதற்குப் பயம்? சுற்றுவட்டாரத்தில் வயசுக்கு வந்த பெண்ணை வைத்திருந்த ஆத்தாள்களெல்லாம் விடிகாலையில் கம்பெனி கேட்டில் வரிசையாக நின்றார்கள், மேஸ்திரிக்குத் தேங்காய் பழத்தட்டு வந்தது. வெளுப்பதன் படிகளுக்குப் பெண்கள் தாங்களாகவே பெயர் வைத்தார்கள்: முதலில் கோதுமை, அப்புறம் சந்தனம், அப்புறம் மோர், அதற்கும் அப்புறம் கஞ்சித்தண்ணி. உன் பெண் எதில் இருக்கிறாள் என்று குழாயடியில் விசாரித்துக்கொண்டார்கள். கோதுமைக்குத் துறைமுகக் கிளார்க் கிடைத்தான், சந்தனத்துக்கு வாத்தியார் கிடைத்தார். முகத்துக்குப் பூசுகிற மாவு விற்ற கடைக்காரன் கடையைக் கட்டிவிட்டுக் கம்பெனியில் மூட்டை தூக்கப் போனான். அம்மன் கோயில் பூசாரி மட்டும், அம்மன் சிலையே கருங்கல்தானே என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். யாரோ சிலையையும் ஒரு தரம் முக்கிப் பார்க்கலாமே என்று கேட்டதும் அவர் மணியை எடுத்து ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

எல்லம்மா கஞ்சித்தண்ணியைத் தாண்டியதும் கண்ணாடியானாள். அதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் அவள் கைவழியே சுவர் தெரிந்தது, பிறகு தோள் வழியே கொடியில் காய்கிற துணி தெரிந்தது, ஒரு திங்கட்கிழமை நான்காம் தொட்டியில் ஒரு புடவை மட்டும் இடுப்பில் தூக்கிச் செருகியபடி துணியை மிதித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி குரலை வைத்து ஆஜர் போட்டுக்கொண்டான். குடித்துவிட்டு வந்து அடிக்கிற அவள் புருஷன், ஆள் எங்கே என்று தெரியாமல் சுவரில் குத்திக் கையை முறித்துக்கொண்டான், அதற்காக எல்லம்மா மூன்று நாள் சிரித்தாள். நான்காம் நாள் அவள் சின்னப் பிள்ளை, முகம் இல்லாத ஆத்தாளிடம் பால் குடிக்க மாட்டேன் என்று கத்தியது. அதன் பிறகு அவள் சிரித்து யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் செங்கேணி தன் கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் குப்புவைத் தொட்டிக்கு அழைத்துப் போனாள். அவள் கெட்டவளும் இல்லை, முட்டாளும் இல்லை, சாயத்துணியோடு புழங்குகிற எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அவளுக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். சாயம் போகிற சேலையைக் கல் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும். குப்புவை நாற்பது நாள் தொட்டியில் இறக்குவது, கோதுமை வந்த அன்றைக்கே வெளியே எடுப்பது, உப்புப் போட்டு நிறுத்துவது, முகூர்த்தம் பார்ப்பது என்று அவள் மனசுக்குள் வரிசையாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

குப்புவுக்கு விருப்பமில்லை. இரண்டு நாள் சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "என் நெறம் உனுக்கு இன்னாக்கா பண்ணுச்சு?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்ட மாதிரி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். செங்கேணி, நான் செத்தால் உனக்கு யார் என்று அழுதாள், உன்னை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்காமல் என் கட்டை வேகாது என்றாள். அக்கா அழுதால் குப்புவால் தாங்க முடியாது. மறுநாள் நான்காம் தொட்டியில் எல்லம்மாவின் புடவைக்குப் பக்கத்தில் இறங்கி நின்றாள்.

துரைசானி சொன்னது பொய்யில்லை. குப்பு இறங்கிய தொட்டியில் வந்த பழுப்பு மாதிரி எந்தத் தொட்டியிலும் வரவில்லை, ஆற்று வண்டலும் நல்ல காப்பிக் கொட்டையும் சேர்ந்தது போல அப்படி ஒரு நிறம். அந்த மூட்டைகளுக்குத் தனியாக அடையாளம் கட்டி அனுப்பினார்கள். அந்தச் சட்டைகளின் கழுத்திலும் செங்கேணிதான் லேபிள் தைத்தாள். கையில் பட்ட துணி தங்கையின் உடம்புச் சூட்டோடு இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. கல்யாண வேலை நடக்கிறது என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கோதுமை வந்தது. திருவொற்றியூரிலிருந்து, அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற கோதண்டம் என்கிற பையனும் அவன் ஆத்தாள் தனபாக்கியமும் வந்து பார்த்து, அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். குப்பு அந்த முறை உள்ளேயிருந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. செங்கேணி அன்று மாலையே ஒரு பீப்பாயில் கடல் தண்ணீரும் கல் உப்பும் நிரப்பித் தங்கையைக் கழுத்தளவு உட்கார வைத்தாள், ஏழு நாள். தோல் வெடித்தது, கண்ணோரம் புண்ணானது, குப்பு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டாம் நாள் வெளியே எடுத்து நல்ல தண்ணீர் ஊற்றியபோது, ஊற்றிய தண்ணீர் லேசான பழுப்பாக முற்றத்தில் ஓடியது.

செங்கேணி நான்காம் தொட்டிக்கு ஓடிப்போய் எல்லம்மாவின் புடவைக்கு முன்னால் நின்று கேட்டாள். புடவை மிதிப்பதை நிறுத்தியது.

"உப்பு மொத தண்ணியிலயே போட்டிருக்கணும்மே," என்றது எல்லம்மாவின் குரல். "ஓட ஆரம்பிச்ச அப்பால போட்டா நிக்காது. துணிக்கே நிக்காது, தோலுக்கா நிக்கும்? எங்க ஆருக்கும் அப்போ தோணல."

அப்புறம் கல்யாணம் வரைக்கும் இருந்த பத்தொன்பது நாளும் செங்கேணி தங்கையை நனையாமல் பார்த்துக்கொண்டாள். குளிக்க விடவில்லை. அடுப்படிக்கு விடவில்லை, வேர்க்கும். அழ விடவில்லை. ஓலைவிசிறியால் விசிறிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குப்பு அப்பளம் மாதிரிக் காய்ந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருநாள் குப்பு கேட்டாள். நிறம் நன்றாக நின்ற பிறகு எடுக்கலாம் என்று எத்தனையோ தடவை தள்ளிப்போட்டது செங்கேணிதான். இப்போது ஸ்டூடியோ வரைக்கும் வெயிலில் நடத்திக் கூட்டிப்போக அவளுக்குப் பயமாக இருந்தது, அப்பால பார்த்துக்கலாம் என்றாள்.

முகூர்த்தத்தன்று காலையில் தனபாக்கியம் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரோடு வந்து நின்றாள். பெண்ணுக்குத் தலைக்கு ஊற்றாமல் எந்த ஊரில் தாலி கட்டுகிறார்கள் என்று கேட்டாள். செங்கேணி ஜலதோஷம் என்றாள், காய்ச்சல் என்றாள், கடைசியில் காலைப் பிடித்தாள். முதல் குடத்தில் சந்தனம் போனது, இரண்டாவதில் மோர் போனது. குப்பு அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வாய் எதையோ சொல்லப் போவது போலத் திறந்திருந்தது, மூன்றாவது குடம் விழுந்தபோது அந்த வாயும் கண்ணும் மஞ்சள் தண்ணீரோடு கால்வாயில் இறங்கிப் போயின. செங்கேணி தங்கையின் முகத்தைப் பார்த்தது அதுதான் கடைசி.

மணையில் ஒரு அரக்குச் சேலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் மேல் மாலை இருந்தது, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூக்குத்தி இருந்தது, வளையல்கள் மடியில் அடக்கமாகக் கிடந்தன. பெண் எங்கே என்று கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சேலை நல்ல சேலை என்றார்கள், நகை பரவாயில்லை என்றார்கள். கோதண்டம் ஒரு கணம் தடுமாறினான், மாலைக்கு மேலே குத்துமதிப்பாகக் கையைக் கொண்டுபோய் மூன்று முடிச்சுப் போட்டான், மேளம் கொட்டியது. பந்தியில் யாரோ கேட்டதற்குத் தனபாக்கியம், கண்ணுக்குத் தெரிந்தால்தானே குறை சொல்லத் தோன்றும், வேலை செய்யக் கை இருக்கிறது, அது போதும் என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டாள்.

செங்கேணிக்கு அதன் பிறகு ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியது, தங்கையின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவொற்றியூருக்குப் போவாள். குப்புவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், கை இருந்தது, சூடும் இருந்தது, ஒவ்வொரு முறையும் காய்ப்பு அதிகமாக இருந்தது. பேச்சுதான் குறைந்துகொண்டே வந்தது. மச்சம் இடது கன்னத்திலா வலது கன்னத்திலா என்று செங்கேணிக்கு மறந்துபோய்விட்டது. வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டாள். "தொட்டுப் பாத்துக்க," என்றாள் குப்பு. செங்கேணி தொட்டுப் பார்த்தாள், மச்சம் விரலுக்குத் தெரியவில்லை.

போன நிறம் துணியில்தானே இருக்கும் என்று கம்பெனி முழுக்கத் தேடினாள். குப்புவின் தொட்டியிலிருந்து வந்த துணியில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை, எல்லாம் கப்பலேறியிருந்தது. கடைசியில் டொரத்தி அம்மா தன் மேஜைக்கு அடியிலிருந்து ஓர் அமெரிக்கப் பத்திரிகையை எடுத்து விரித்தாள். முழுப் பக்கத்துக்கு ஒரு பொன்முடிப் பெண், ஒரு காரின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள், அவள் போட்டிருந்த சட்டையின் கட்டங்களுக்கு நடுவில் குப்புவின் முழங்கை நிறம் இருந்தது, குப்புவின் கழுத்து நிறம் இருந்தது. செங்கேணி அந்தத் தாளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். வழவழப்பாக, குளிர்ந்து இருந்தது. இந்தத் துணியில் ஒரு முழமாவது அங்கேயிருந்து வரவழைக்க முடியுமா என்று கேட்டாள்.

டொரத்தி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அங்க இதெல்லாம் இதுக்குள்ள பத்துத் தடவ தோச்சிருப்பாங்க செங்கேணி. அந்தக் கலர் போன வருஷத்தோட முடிஞ்சிபோச்சு. இந்த வருஷம் ரோஸ்."

ஆர்டர் நின்றது. தொட்டி மட்டும் நிற்கவில்லை. மானிரத்தை வாங்க ஆளில்லை என்ற பிறகும் ஆத்தாள்கள் விடிகாலையில் பெண்களோடு வந்து நின்றுகொண்டே இருந்தார்கள், மேஸ்திரி அவர்களுக்காக ஒரு தொட்டியைத் தனியாகத் திறந்து வைத்திருந்தான். துணியே இல்லாத வெறும் தண்ணீரில் பெண்கள் நின்று மிதித்தார்கள். பழுப்பு நேராகச் சாக்கடைக்குப் போனது.

அடுத்த மாசியில் குப்பு தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். மருத்துவச்சி கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவித் தடவிப் பிரசவம் பார்த்தாள், திறந்திருந்தாலும் ஒன்றுதான். பாயில் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அலறிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வெளியே வந்தது. கருப்பு. ஆற்று வண்டல் போல, காப்பிக் கொட்டை போல, தலை முதல் கால் வரைக்கும் துளிகூடக் குறையாத கருப்பு. இடது கன்னத்தில் மச்சம் இருந்தது. செங்கேணி பிள்ளையை வாங்கிப் பார்த்தாள், இது குப்புவேதான், ஆறு வயதில் இடுப்பில் தூக்கியபோது இருந்த அதே நெற்றி, அதே மூக்கு. பதினைந்து நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பதினைந்து நாளும் குப்பு தாலாட்டுப் பாடினாள், நடுநடுவே சிரிக்கவும் செய்தாள், காற்றில் மிதந்தபடி பால் குடிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செங்கேணியும் சிரித்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பதினாறாம் நாள் காலை தனபாக்கியம் பேத்தியைப் பார்க்க வந்தாள். துணியை விலக்கிப் பார்த்தாள், மூடினாள். பிறகு செங்கேணியைப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

"ஏம்மா, உங்க கம்பெனில அந்தத் தொட்டி இன்னும் கீதில்ல? இது பச்சை ஒடம்பு, ரெண்டு முக்கு போதும், வுட்டுடும். நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணுமே."

செங்கேணி உடனே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குப் பழக்கப்பட்ட வார்த்தை, அது நேராக உள்ளே போய், அவளுக்குள் எப்போதும் தூங்காமல் இருக்கிற ஓர் இடத்தைத் தொட்டது. மடியில் பிள்ளை கொட்டாவி விட்டது. பார்க்க வருகிறவர்கள், பஜ்ஜி தின்றுவிட்டுப் போகிறவர்கள், ஒருவர் பின் ஒருவராக வாசல்படி ஏறி வருவது செங்கேணிக்குத் தெரிந்தது. அவள் தனக்குத்தானே பேசுவது போல, யோசனையோடு, மெதுவாகச் சொன்னாள்.

"மொத தண்ணியிலயே உப்பப் போட்டுட்டா…"

சொல்லி முடிப்பதற்குள் மடி லேசானது. பிள்ளை அவள் கையிலிருந்து எழும்பிக் காற்றில் நிமிர்ந்து ஒரு சேலையின் தோளில் சாய்ந்துகொண்டது, தோள் தெரியவில்லை. ஆணியில் தொங்கிய இன்னொரு பழைய சேலை இறங்கி வந்து பிள்ளையைச் சுற்றிக்கொண்டது. கதவு திறந்தது. செங்கேணி, குப்பு, குப்பு என்று எழுந்து ஓடினாள், கையை நீட்டி இல்லாத தோளைப் பிடிக்கப் பார்த்தாள்.

"நீ வராதக்கா," என்றாள் குப்பு.

கோபமாகச் சொல்லவில்லை. அக்கா அழுதால் தாங்க முடியாத அதே குரல்தான், அக்கா இப்போது அழுதுகொண்டுதான் இருந்தாள், குரல் திரும்பவில்லை. செங்கேணியின் கால்கள் வாசலிலேயே நின்றுவிட்டன. தெருவில் யாருக்கும் வியப்பில்லை. குழாயடியில் நின்ற பெண்கள் கைப்பிள்ளை வருகிறது என்று குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள், ஒரு மாட்டுவண்டிக்காரன் மாட்டை இழுத்து நிறுத்தினான். அத்தனை பேருக்கும் நடுவே, நடந்துபோகிற ஒரு சேலைக்கு மேலே, அந்தக் கருப்புப் பிள்ளை தரையிலிருந்து நாலடி உயரத்தில், கொஞ்சமும் அழாமல் போய்க்கொண்டே இருந்தது. முகம் பின்பக்கமாக, செங்கேணியைப் பார்த்தபடி இருந்தது. வெள்ளை வெயிலில் அது சின்னதாகி, இன்னும் சின்னதாகி, தெரு முனையில் திரும்புகிறவரைக்கும் செங்கேணி கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னாலேயே வந்து நின்ற தனபாக்கியம் நெற்றியில் கையை வைத்து எட்டிப் பார்த்தாள். இந்த வெயிலில் தூக்கிக்கொண்டு போகிறாளே, குழந்தை இன்னும் கறுத்துப்போய்விடுமே என்றாள்.